தலை ஆபரேஷன் முடிந்தபின் செலவு யார் கணக்கு? 48 மணி நேரத் திட்டமும் காப்பீட்டு அட்டையும்

பைக்கில் இருந்து விழுந்து தலையில் அடி. மூளையில் ரத்தக்கட்டு என்று ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன் முடிந்து, ஆள் ஐசியுவில் இருக்கிறார். “கவர்மென்ட் திட்டத்தில் எல்லாம் ஃப்ரீ” என்று யாரோ சொன்னதை நம்பி வீட்டார் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். ஆபரேஷன் ஒரே இரவில் முடிந்துவிடும். கண் திறந்து ஆளை அடையாளம் கண்டு பேசத்தான் நாளாகும். பில் ஏறுவதும் அப்போதுதான்.

முதலில் உதவுவது ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய திட்டம். தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்து நடந்தால், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை எதுவானாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. அட்டை, வருமானம், சொந்த மாநிலம் எதுவும் பார்ப்பதில்லை. ஆளுக்கு 1 லட்சம் ரூபாயாக இருந்த வரம்பு பிறகு 2 லட்சமானது.

சரி, 49-ஆவது மணி நேரம்? அங்கேதான் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வேண்டும். அட்டை இருந்தால் அதே மருத்துவமனையில் சிகிச்சையைத் தொடரலாம். இல்லாவிட்டால் அரசு மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும். அல்லது கைப்பணமோ தனியார் காப்பீடோ கட்ட வேண்டும். அதனால் அந்த இரண்டு நாளில் எல்லோரும் ஐசியு வாசலிலேயே நிற்காமல், ஒருவர் அட்டை வேலையைப் பார்க்கக் கிளம்புவது நல்லது.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்து, அதோடு ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. அடிபட்டவரின் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கல்யாணமாகி வருஷக்கணக்கான பிறகும் மருமகள் பெயர் பிறந்த வீட்டுக் கார்டிலேயே கிடப்பது நம்மூரில் சகஜம்.

குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். 2018 முதல் இது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. சிகிச்சைக்குத் தொகுப்பாக ஒரு கட்டணம் உண்டு. பொது வார்டு படுக்கை, மருந்து, ஸ்கேன், டாக்டர் கட்டணம், நோயாளியின் சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்கும். தனி அறை கேட்டால் சிக்கல். சத்தம் தாங்காமல் தலை வலிக்கிறது என்று நோயாளி சொன்னாலும் பொது வார்டுதான். ஒவ்வொரு சிகிச்சைக்கும் மருத்துவமனை முன் அனுமதி வாங்க வேண்டும். அதைக் கவனிக்கத் திட்டத்துக்கென்று ஒரு அலுவலர் அங்கே இருப்பார். “அப்ரூவல் வந்துவிட்டதா?” என்று அவரிடம் தினமும் கேளுங்கள். தொகுப்பில் உள்ளதற்குத் தனியாகப் பணம் கேட்டால் பில்லை வாங்கி வைத்துக்கொண்டு 1800 425 3993-க்கு அழைக்கலாம்.

வீட்டுக்கு வந்தபின் கை கால் வராதவர்களுக்கு, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீட்டிலேயே பிசியோதெரபி தருவார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். வலிப்பு மாத்திரையை மட்டும் டாக்டர் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று. தலையில்தானே ஆபரேஷன், வயிற்றில் ஏன் தையல் என்று சிலர் பதறுவார்கள். மூளை வீங்க இடம் விட்டு மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்து, அதை வயிற்றுத் தோலுக்கு அடியில் பத்திரமாக வைத்திருப்பார்கள். சில வாரங்களோ மாதங்களோ கழித்து அதைத் திரும்பப் பொருத்துவது தனி ஆபரேஷன். அதற்குப் புதிதாக அனுமதி வாங்க வேண்டும். அப்போது 48 மணி நேரத் திட்டம் உதவாது, அட்டைதான் கை கொடுக்கும். எலும்பு எங்கே இருக்கிறது, எப்போது வரவேண்டும் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.