கன்வேயன்ஸ்: விமானத்தை அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கொடுப்பது

சூலூர் விமானப்படைத் தளத்தில் 2018 முதல் தேஜஸ் போர் விமானங்கள் இருக்கின்றன. அதனால் கோவை, பல்லடம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போர் விமானம் என்பது புத்தகத்தில் மட்டும் பார்க்கிற பொருள் அல்ல. 2025 செப்டம்பரில் மிக்-21 விமானங்களுக்குப் படை விடைகொடுத்தபோது, இனி அவை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இங்கேயும் எழுந்தது. அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குச் சில சமயம் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி விடை சொல்கிறது. அந்தச் சட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் சொல் கன்வேயன்ஸ்.

நம் ஊர் மில்லிலும் அலுவலகத்திலும் கன்வேயன்ஸ் என்றால் போக்குவரத்துப்படி. அந்தப் பழக்கத்தில், ‘விமானத்தை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லும் சட்டம்’ என்று மொழிபெயர்த்தால் பொருளே மாறிவிடும். லாரியில் ஏற்றிக் கொண்டுபோக யாரும் சட்டம் இயற்றுவதில்லை. சட்டம் மாற்றுவது உரிமையை.

சொல்லின் வேர் லத்தீன். ‘வியா’ என்றால் வழி. அதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக, ‘உடன் சென்று வழியனுப்புதல்’ என்ற பொருளில் ஆங்கிலத்துக்கு வந்தது. பிறகு பொருளைக் கொண்டுசேர்ப்பது, கடைசியில் சொத்தின் உரிமையை ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் சேர்ப்பது என்று விரிந்தது. நம் 1899ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்திலும் இந்தச் சொல் இந்தக் கடைசிப் பொருளில்தான் இருக்கிறது.

தமிழில் இதற்குக் கிரயம் என்று எழுதலாமா? கூடாது. வாங்குதல் என்ற பொருளுடைய வடசொல் அது. விலை இருந்தால்தான் கிரயம். அருங்காட்சியகச் சட்டங்களோ ‘பிரதிபலன் ஏதுமின்றி’ என்றே தொடங்குகின்றன. தானம் என்றாலும் பொருந்தாது. ஏன் என்பதற்கு நம் பத்திரங்களையே பார்க்கலாம். பழைய பத்திரங்களில் ‘தானாதி விநியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன்’ என்று ஒரு வரி இருக்கும். பெறுகிறவர் அந்தச் சொத்தைத் தானம் கொடுக்கலாம், விற்கலாம், விரும்பியபடி ஆண்டு அனுபவிக்கலாம் என்பது அதன் சாரம். அருங்காட்சியகத்துக்குக் கிடைக்காமல் போவது இந்த வரிதான்.

1990களின் இறுதியில், பழைய விமானங்களைப் பேணும் காலிங்ஸ் அறக்கட்டளைக்கு ஓர் எஃப்-4 ஃபேன்டம் போர் விமானத்தை வழங்க அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதித்தது. குண்டு வீசும் திறனை முதலில் நீக்க வேண்டும். மற்றபடி விமானம் உள்ளது உள்ளபடியே தரப்படும். பழுது பார்த்துத் தரும் கடமை விமானப்படைக்கு இல்லை. செலவு முழுவதும் பெறுகிறவருடையது. அரசின் ஒப்புதல் இல்லாமல் வேறு யாருக்கும் மாற்றக் கூடாது; மீறினால் விமானம் அரசுக்கே திரும்பிவிடும். நம் 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பெற்றவர் ஒருபோதும் கைமாற்றவே கூடாது என்ற முழுத் தடையைச் செல்லாததாக்குகிறது. அதனால் நம் கண்ணுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தெரியலாம்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 டாம்கேட் போர் விமானத்தின் கதை பதில் சொல்லும். ஈரான் அமெரிக்காவுக்கு நட்பு நாடாக இருந்த காலத்தில், 1979 புரட்சிக்கு முன், 79 விமானங்கள் அங்கே போயிருந்தன; புரட்சிக்குப் பின் அந்த நட்பு பகையானது. 2006இல் அமெரிக்கக் கடற்படை தன் டாம்கேட்களுக்கு ஓய்வு கொடுத்தபோது, உதிரிபாகங்கள் சுற்றி வளைத்து ஈரான் போய்ச் சேருமோ என்ற அச்சம் எழுந்தது. அரிசோனாவின் டேவிஸ்-மொந்தன் தளத்தில் நின்ற பல விமானங்கள் துண்டு துண்டாக்கப்பட்டன. 2008இல் பாகங்களை விற்பதற்கே சட்டத் தடை வந்தது. அருங்காட்சியகங்களுக்கு மட்டும் விலக்கு. எவ்வளவு அழகான விமானம் அது! எஞ்சியவற்றையாவது பிள்ளைகள் அருகில் நின்று பார்க்க முடிவது அந்த விலக்கினால்தான் என்று நினைக்கும்போது, சட்டத்தின் ஒவ்வொரு நிபந்தனையும் எனக்கு நியாயமாகவே படுகிறது.

இரவல் என்பது வேறு. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10ஆம் தலைப்பு, 2572ஆம் பிரிவு, பழைய படைப் பொருள்களை இரவலாகவோ கொடையாகவோ தர அனுமதிக்கிறது. அருங்காட்சியகங்களில் நிற்கும் விமானங்களில் பல இரவல்தான். உரிமை படையிடமே இருக்கும்.

கொங்குப் பேச்சில் ‘தோட்டத்தைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்’ என்பார்கள். விலை வாங்கினாரா, சும்மா கொடுத்தாரா என்பதை அந்தச் சொல் முடிவுகட்டுவதில்லை. உரிமை மாறிவிட்டது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறது. கன்வேயன்ஸும் அப்படித்தான். பேச்சுக்கு எழுதிக் கொடுத்தல் போதும். செய்திக்கும் சட்டத்துக்கும் ‘உரிமை ஒப்படைப்பு’ என்பதை நான் பரிந்துரைக்கிறேன். கட்டுப்பாடு இருந்தால் ‘நிபந்தனை உரிமை ஒப்படைப்பு’. மீறினால் அரசுக்குத் திரும்புவதை ‘உரிமை மீளல்’ எனலாம். வெறும் ஒப்படைப்பு என்று நிறுத்தினால் இரவலும் அதற்குள் புகுந்துவிடும் என்பதால், உரிமை என்ற முன்சொல்லை விடக் கூடாது.