பெட்டி மாறினால் குளிசையை நிறுத்திவிடாதீர்கள்

வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் மருந்தாளராக இருக்கிறேன். போன மாதம் ஒரு அக்கா பதறிக்கொண்டு வந்தார். மகனுக்கு ஐந்து நாளாகத் தலைசுற்றாம், தலைக்குள் கரண்ட் அடிப்பது போல இருக்கிறதாம், எதற்கெடுத்தாலும் எரிச்சலாம். "தம்பி, நீங்கள் புதுக் கம்பனிக் குளிசை தந்த பிறகுதான் இப்படி." மகனிடம் போனில் மெதுவாக விசாரித்தேன். பெட்டி வேறாக இருந்ததால் போலி மருந்து என்று நினைத்து, அம்மாவுக்குச் சொல்லாமல் ஒன்றைக்கூடப் போடாமல் லாச்சிக்குள் வைத்திருக்கிறார். அவரைப் படுத்தியது புதுக் குளிசை இல்லை, மருந்தைத் திடீரென நிறுத்தியதுதான்.

அந்த மருந்து சேர்ட்ரலின். மனச்சோர்வுக்கு மிகப் பரவலாகக் கொடுப்பது. ஃபைசர் கம்பனி ஸொலொஃப்ட் என்ற பெயரில் கொண்டுவந்தது, அமெரிக்காவில் 1991இல் அனுமதி, 2006இல் அங்கே காப்புரிமை முடிந்தது. அப்புறம் பல கம்பனிகள் அதே மருந்தைத் தங்கள் தங்கள் பெயரில் செய்கின்றன. ஸொலொஃப்ட்கூட 2020இலிருந்து வியாட்ரிஸ் என்ற வேறு கம்பனியின் கையில். மருந்தைக் கம்பனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரில் வாங்கினால் மலிவு என்று மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே இந்த நாட்டில் போராடித்தான் 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனமே வந்தது.

"மலிவு என்றால் மருந்து குறைவாகத்தானே இருக்கும், 80 வீதம் இருந்தாலே போதுமாமே" என்று கேட்பார்கள். அப்படி இல்லை. முதலில் கொண்டுவந்த கம்பனியின் குளிசை, மற்றக் கம்பனியின் குளிசை இரண்டையும் ஆட்களுக்குக் கொடுத்து இரத்தத்தில் மருந்து எவ்வளவு, எந்த வேகத்தில் ஏறுகிறது என்று அளந்து பார்ப்பார்கள். முதல் குளிசையை 100 என்று வைத்தால், மற்றதன் சராசரி உண்மையில் எங்கே இருக்கக்கூடும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் வீச்சு (90 வீத நம்பிக்கை எல்லை) முழுவதும் 80க்கும் 125க்கும் இடையில் அடங்க வேண்டும். அதனால் சராசரி வித்தியாசம் பெரும்பாலும் சிறியதாகத்தான் இருக்கும்.

ஆனால் சந்தேகப்பட்டவர்களை நான் ஒருபோதும் அலட்சியமாக அனுப்புவதில்லை. பியூப்ரோபியன் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தில், மெல்ல மெல்லக் கரையும் 300 மில்லிகிராம் ஜெனரிக் (வேறு கம்பனி செய்யும் அதே மருந்து) ஒன்று சரியில்லை என்று அமெரிக்காவில் நோயாளிகள் வருடக்கணக்காகச் சொன்னார்கள். 150 மில்லிகிராமில் செய்த சோதனையை வைத்தே அதற்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். 300ஐத் தனியாகச் சோதித்தபோது மூல மருந்துக்கு ஈடில்லை என்று தெரிந்தது, 2012இல் சந்தையை விட்டுப் போனது. நோயாளிகள் சொன்னது சரி.

இன்னொரு ஐயா, கிளினிக்கில் கொடுத்ததையும் தனியார் டொக்டர் எழுதியதையும் பெயர் வேறு என்பதால் இரண்டு மருந்து என்று நினைத்து ஒன்றாகவே போட்டுக்கொண்டிருந்தார். இரண்டும் சேர்ட்ரலின் 50.

பெட்டியில் பெரிய எழுத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் பெயரையும் மில்லிகிராமையும் பாருங்கள். பழைய பெட்டியை எறியாமல் கொண்டு வாருங்கள். பெட்டி மாறிய திகதியைக் குறித்து வையுங்கள். அதற்குப் பிறகு உடம்போ மனமோ மாறினால் குளிசையைத் தொடர்ந்து போட்டுக்கொண்டே உடனே டொக்டரிடம் சொல்லுங்கள். மனம் தாங்காத இரவென்றால் தேசிய மனநல உதவி எண் 1926க்கு அழையுங்கள்.