விடுதி மிச்சச் சோற்றில் அடுப்பெரிக்க

ஆயிரம் பேர் சாப்பிடும் கல்லூரி விடுதியில் தலைக்கு 100 கிராம் மிஞ்சினாலே நாளொன்றுக்கு 100 கிலோ. குப்பைக்கிடங்கில் அது காற்றில்லாமல் அழுகி மீத்தேனாகக் கிளம்பும். அதே அழுகலை வளாகத்துக்குள் மூடிய தொட்டியில் நடத்தினால் 8 முதல் 10 கனமீட்டர் எரிவாயு கிடைக்கும். சமையல் கேஸ் கணக்கில் சுமார் 4 கிலோ. 19 கிலோ சிலிண்டர் ஒன்று ஐந்து நாளைக்கு ஒருமுறை மிச்சம். மிஞ்சாமல் வடிப்பதுதான் இதைவிடப் பெரிய சேமிப்பு. அதற்கு மேலும் மிஞ்சுவதற்கே இந்தத் தொட்டி.

100 கிலோ மிச்சத்தை அரைத்து, அதே அளவு தண்ணீர் கலந்தால் தினம் 200 லிட்டர் கரைசல். அது 40 நாள் உள்ளே தங்க வேண்டும் என்பதால் தொட்டிக்கு 8,000 லிட்டர் கொள்ளளவு தேவை. எலும்பும் முட்டை ஓடும் அடியில் தங்கிவிடும், வாழையிலை நார் மேலே மிதந்து அடைக்கும். எலுமிச்சைத் தோலில் உள்ள எண்ணெய் நுண்ணுயிரிகளுக்கு ஆகாது. இவற்றைத் தட்டு கழுவும் இடத்திலேயே பிரித்துவிட வேண்டும்.

முதலில் சாணக் கரைசலை ஊற்றி இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். முதலில் வரும் வாயுவில் காற்று கலந்திருக்கும். பற்றவைத்தால் ஆபத்து, அதை வெளியே விட்டுவிடுவதே சரி. பிறகு தினம் 10 கிலோவில் தொடங்கி வாரத்துக்கு 10 கிலோ வீதம் கூட்டிக்கொண்டே போகலாம்.

இந்த நிதானத்துக்குக் காரணம் உண்டு. தொட்டிக்குள் இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. சோற்றை அமிலமாக்கும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் பெருகிவிடும். அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் தரும் நுண்ணுயிரிகள் பெருகுவதற்கோ பல நாள் ஆகும். கல்லூரி விழா முடிந்த இரவில் 300 கிலோ பிரியாணியைக் கொட்டினால் அமிலம் தேங்கிவிடும். அப்போது தொட்டியின் மேல் வாயுவைப் பிடித்துவைக்கும் கலன் மேலே எழும்பித்தான் நிற்கும், அடுப்பு மட்டும் பற்றாது. வருவதில் பெரும்பகுதி கரியமில வாயு. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளைத் தொட்டிக் கரைசலில் நனைத்துப் பாருங்கள். 6.8-க்கும் 7.4-க்கும் இடையில் இருந்தால் நல்லது. 6.5-க்குக் கீழே போனால் தீனியை நிறுத்தி, சாணமும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீரும் ஊற்றிக் காத்திருக்க வேண்டும்.

கேஸில் அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு. பித்தளை வால்வை அரித்துவிடும். பொறியியல் கல்லூரியென்றால் மருந்து கைவசமே இருக்கிறது: லேத் பட்டறையில் விழும் இரும்புச் சுருள்களைத் துருப்பிடிக்க விட்டு, குழாய்க்குள் திணித்து, வாயுவை அதன் வழியே விட்டால் போதும். கழித்த சுருள் காற்றுப் பட்டால் சூடேறும். தண்ணீரில் நனைத்தே வெளியே எடுங்கள். சுடர் விட்டுவிட்டு எரிந்தால் குழாயில் தண்ணீர் கோத்திருக்கிறது. தாழ்வான இடத்தில் ஒரு வடிகுழாய் வைத்து அவ்வப்போது திறந்துவிட வேண்டும்.

வெளிவரும் 200 லிட்டர் கழிவுநீரை அதே அளவு தண்ணீர் கலந்து மரங்களுக்குப் பாய்ச்சலாம். எந்த மரத்துக்கு என்பதைத் தொட்டி கட்டும்போதே முடிவு செய்யாவிட்டால் அது சாக்கடைக்குத்தான் போகும்.

பல தொட்டிகள் நின்றுபோவது கோடை விடுமுறைக்குப் பிறகுதான். பட்டினி கிடந்தாலும் நுண்ணுயிரிகள் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். கல்லூரி திறந்த அன்றே முழு 100 கிலோவையும் போடுவதுதான் கேடு. கால்வாசியில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடலாம்.