எந்த நோக்கம் என்று எழுதியிருக்கிறது, பாருங்கள்

துபாய் தேராவில் உள்ள ஒரு சிறிய அலுவலகத்தில் விசா விண்ணப்பங்களைத் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். ரஷ்யா போக விரும்பி வருகிறவர்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே, "எத்தனை நாளில் கிடைக்கும்?" என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் முன் அவர்களிடமிருக்கும் அழைப்புக் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிடுவேன். ரஷ்ய விசாவில் முக்கால்வாசி விஷயம் அந்தத் தாளிலேயே முடிவாகிவிடுகிறது. யார் அழைக்கிறார், எத்தனை நாள், எந்த நோக்கம் என்று அதில் என்ன இருக்கிறதோ அதுதான் விசாவிலும் ஏறும்.

ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். மாஸ்கோவில் பார்சல் பிரிக்கும் வேலை, இங்கே வாங்குவதைப் போல் இரண்டு மடங்கு சம்பளம் என்று ஒரு முகவர் சொல்லியிருந்தார். மூவாயிரம் திர்ஹம் முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. முகவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கடிதத்தைத் தம்பி காட்டினார். மேலே ஒரு பயண நிறுவனத்தின் பெயர், பதிவு எண். கீழே ஒரு ஹோட்டல் பெயர், 14 நாள். நோக்கம் என்ற இடத்தில் ஒரே ஒரு ரஷ்யச் சொல். எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்துக் காட்டினேன்: து-ரீ-ஸ்ம்.

"சுற்றுலா என்றா போட்டிருக்கிறது, அண்ணே?"

முகவரைக் கைப்பேசியில் அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார். "போய் இறங்கியதும் மாற்றிவிடலாம், எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள்" என்றது அந்தக் குரல். வேலை ஒப்பந்தத்தைக் கேட்டதும் ஆறு பக்கம் வந்தது. முழுக்க ரஷ்ய மொழி. தமிழில் இல்லை, ஆங்கிலத்தில்கூட இல்லை. தம்பி நெடுநேரம் அந்தப் பக்கங்களை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே இருந்தார். கடைசியில் முன்பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார். மூவாயிரம் திர்ஹம் அவருக்குச் சிறிய தொகை இல்லை.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேலை, படிப்பு என்று ஆசை காட்டி இந்திய இளைஞர்களை ரஷ்யாவுக்கு அனுப்பி, அங்கே ராணுவத்தில் சேர்த்துப் போர்முனைக்குத் தள்ளிய கும்பல்மீது 2024 மார்ச்சில் சிபிஐ வழக்குப் பதிந்தது. சோதனை நடந்த ஊர்களில் சென்னையும் இருந்தது, மதுரையும் இருந்தது. துபாயிலிருந்து ஆள் பிடித்தவரின் பெயரும் வழக்கில் வந்தது. போனவர்களில் சிலர் உயிருடன் திரும்பவில்லை. அதே ஆண்டு ஜூலையில் மாஸ்கோ சென்ற பிரதமர் மோடி இதை அதிபர் புதினிடமே எடுத்துப் பேச வேண்டியிருந்தது. இலங்கையிலிருந்தும் முன்னாள் ராணுவத்தினர் பலர் இப்படிக் கொண்டுபோகப்பட்டார்கள்.

சுற்றுலா விசாவில் வேலை செய்வது ரஷ்யாவில் சட்டவிரோதம். அபராதம் உண்டு, நாடு கடத்தலும் உண்டு. "அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள். படிக்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பாஸ்போர்ட்டை எவர் கேட்டாலும் கைவிடாதீர்கள்.

உண்மையாகவே ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு இப்போது வழி எளிது. 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்தியர்களுக்கு, தூதரகம் போகாமல் இணையத்திலேயே விண்ணப்பித்து வாங்கும் மின்விசா இருக்கிறது. அன்று அறிவித்த 55 நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை என்பதை இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் 16 நாள்தான் தங்கலாம். 2025 ஆகஸ்டில் அது 30 நாளாகி, விசா செல்லுபடியாகும் காலமும் 120 நாளாகியது. இதற்கு அழைப்புக் கடிதம் வேண்டாம், ஹோட்டல் முன்பதிவும் வேண்டாம். எந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டும் விண்ணப்பிக்கலாம். ஆனால் இது ஒருமுறை நுழைவுக்கு மட்டும். அறிவிக்கப்பட்ட விமான நிலையங்கள், எல்லைச் சாவடிகள் வழியாகத்தான் போக முடியும், வர முடியும். நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் முன்னால் இறங்கினாலும் அன்றே முதல் நாள் கணக்காகிவிடும். கட்டிய பணம் திரும்பாது. ஓர் எழுத்து தவறினாலும் மறுபடி விண்ணப்பித்து மறுபடி பணம் கட்ட வேண்டும். ரஷ்ய வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் கூடுதல் கட்டணம் வாங்குகின்றன. பணம் கட்டும் முன் முகவரியை ஒருமுறை சரிபாருங்கள்.

தூதரகம் வழியாகப் போவதென்றால் நீங்கள் வசிக்கும் நாட்டின் குடியிருப்பு விசாவைக் கேட்பார்கள். விசிட் விசாவில் வந்தவரிடம் பொதுவாக விண்ணப்பம் வாங்குவதில்லை. சவூதியின் இகாமாவோ அமீரகத்தின் எமிரேட்ஸ் ஐடியோ, உங்கள் குடியிருப்பு அட்டை எதுவானாலும், நீங்கள் திரும்பி வரும் நாளிலும் அது செல்லுபடியாக இருக்கிறதா என்று பாருங்கள். ரஷ்ய விசா கிடைத்த மகிழ்ச்சியில் இதை மறந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மருத்துவம் படிக்கப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு: முதல் விசா பெரும்பாலும் மூன்று மாதத்துக்குத்தான் தருவார்கள். மீதியைப் பல்கலைக்கழகம் அங்கே நீட்டித்துக் கொடுக்கும். மூன்று மாதத்துக்கு மேல் தங்குவதானால் எச்ஐவி இல்லை என்ற சான்றிதழ் கட்டாயம்.

இனி, நம் பெயர்கள். ரஷ்ய விசாத் தாளில் பெயர் ரஷ்ய எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் அச்சாகும். நாம் ஆங்கிலத்தில் இசட், எச் போட்டு எழுதும் ழகரத்தை ரஷ்யர் ஒரே எழுத்தால் எழுதிவிடுவார்கள். ஆறு கால் வண்டு போல இருக்கும் அந்த எழுத்து. 'ழான்' என்று பிரெஞ்சுப் பெயரை எழுதுகிறோமே, அந்த ஒலி. கனிமொழி என்ற ஒரு மாணவிக்கு விசாவில் வண்டு எழுத்து வந்தது. மதிப்பெண் பட்டியலை மொழிபெயர்த்தவரோ லகரம் போட்டுவிட்டார். இரண்டு தாளிலும் இரண்டு பெயர். பல்கலைக்கழக அலுவலகத்தில் அந்தப் பெண் நான் அவள்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டியதாயிற்று. மொழிபெயர்ப்பாளரிடம் சான்றிதழைக் கொடுக்கும்போது விசாப் பக்கத்தின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

இறங்கியதும் குடிவரவு அதிகாரிகள் தரும் மைக்ரேஷன் கார்டு என்ற நுழைவுச் சீட்டைத் திரும்பும் நாள்வரை பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். நீங்கள் தங்கும் முகவரியை அங்கே அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஹோட்டலில் தங்கினால் அந்தப் பதிவை அவர்களே செய்வார்கள். நண்பர் வீட்டில் தங்கினால் 7 வேலை நாள்களுக்குள் அவர் உங்களைப் பதிவு செய்ய வேண்டும். கேட்க வெட்கப்படாதீர்கள். 2022 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு வங்கிகள் தரும் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே வேலை செய்வதில்லை. செலவுக்கான பணத்தை இங்கிருந்தே ரொக்கமாகக் கொண்டுபோங்கள்.