எலும்புக்கும் பட்டை உண்டு

கோடை விடுமுறையில் கொல்லாமரத்திலிருந்து விழுந்த எட்டு வயதுப் பையனை, ஐந்து வாரம் கழித்து அவன் அப்பா என்னிடம் கூட்டி வந்தார். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். மூங்கில் தப்பை வைத்துக் கட்டி, அப்புறம் தினமும் எண்ணெய் போட்டு உழிந்திருக்கிறார்கள், அதாவது அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள்.

"எலும்பு சேந்துட்டுல்லா டாக்டரே, பின்ன ஏன் கை மடங்கமாட்டேங்கு?"

எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்துதான் இருந்தது. ஆனால் முழங்கைக்கு முன்னால் வெள்ளையாகப் புகை படிந்ததுபோல் ஒன்று. சதைக்குள் எலும்பு முளைத்திருந்தது.

அவருக்கு ரப்பர் மரத்தை வைத்துத்தான் சொன்னேன். எலும்புக்கும் பட்டை உண்டு. பெயர் என்புறை; டாக்டர்கள் வாயில் பெரியாஸ்டியம். ஆட்டு எலும்பைச் சுரண்டினால் உரிந்து வரும் வெள்ளைச் சவ்வு அதுதான். வெளியடுக்கு கெட்டி நார். தசைநாண்கள் அதன் வழியாகத்தான் எலும்பைப் பிடித்திருக்கும். உள்ளடுக்கில் புது எலும்பை உண்டாக்கும் செல்கள். அந்த அடுக்குக்கும் கேம்பியம் என்றே பெயர், மரத்தில் பட்டைக்கு அடியில் வளரும் அடுக்கைப் போல. பால் வெட்டும்போது கத்தி ஆழமாக இறங்கி உள்ளே இருக்கும் மரக்கட்டையைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"பட்டை முண்டும் முடிச்சுமாத்தான் வரும்" என்றார்.

இந்த உறையில் நரம்பும் நிறைய. கடற்கரையில் பந்து விளையாடும் பையன்களுக்குத் தெரியும், முன்னங்காலில் ஒரு உதை பட்டால் உயிர் போகும். அங்கே தோலுக்கு அடியில் சதை கிடையாது, நேராக என்புறைதான்.

பிள்ளைகளுக்கு இது தடிமனாக இருக்கும், மரச்சீனிக் கிழங்குத் (மரவள்ளி) தோல் மாதிரி எளிதில் உரியவும் செய்யும். எலும்பு ஒடிந்தாலும் பெரும்பாலும் ஒரு பக்கத்து உறை அறாமல் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் பல முறிவுகளைக் கத்தி வைக்காமலே நேராக்கி மாவுக்கட்டுப் போட முடிகிறது. பெரியவர்களைவிடச் சீக்கிரம் சேரவும் செய்கிறது.

எலும்புக்குக் கட்டுப் போட்டு உழியும் எங்கள் மாவட்டத்து வைத்திய ஆசான்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. இடுப்பு வலிக்கு நானே உழிச்சிலுக்குப் போயிருக்கிறேன். அடிபட்ட பிள்ளையின் முழங்கையில் மட்டும் வேண்டாம். கிழிந்த உறையையும் நசுங்கிய சதையையும் பிசையப் பிசைய, வேண்டாத இடத்தில் எலும்பு விளையும். கட்டுப் போட்ட கையில் விரல் வீங்கி, நீலம் பாய்ந்து, மரத்துப்போனாலோ, விரலை நிமிர்த்தும்போது பிள்ளை அலறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்தில் சதை செத்துவிடும்.

அந்தப் பையனுக்கு உழிச்சிலை நிறுத்தி, வலிக்காத அளவுக்கு அவனே மடக்கி நீட்டப் பழக்கினோம். எட்டு மாதத்தில் கை வாய்க்கு எட்டியது. தோளைத் தொட இன்னும் வரவில்லை.