கோடு வட்டத்தை வெட்டுகிறதா? ஒரே ஒரு தொலைவு சொல்லிவிடும்

ஒரு நேர்க்கோடும் ஒரு வட்டமும் கொடுத்து, வெட்டுமா வெட்டாதா என்று கேட்டால், பலரும் உடனே இரண்டு சமன்பாடுகளையும் எழுதி, ஒன்றை மற்றொன்றில் பிரதியிட ஆரம்பித்துவிடுகிறோம். பக்கம் நிறைந்துவிடும். கேள்வியோ அவ்வளவு பெரியதல்ல. மையத்திலிருந்து கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தொலைவு தெரிந்தால் போதும்.

கோட்டின் மேல் மையத்துக்கு மிக அருகில் இருப்பது செங்குத்தின் அடிப்புள்ளிதான். வேறு எந்தப் புள்ளியை எடுத்தாலும் ஒரு செங்கோண முக்கோணம் உருவாகும். மையத்திலிருந்து அந்தப் புள்ளிக்குள்ள தூரம் அதன் கர்ணமாகிவிடும். கர்ணம் எப்போதும் செங்குத்தைவிட நீளம். ஆகவே மிக அருகிலுள்ள புள்ளியே வட்டத்துக்கு வெளியே இருந்தால், மற்ற எதுவும் உள்ளே வர வழியில்லை. தொலைவு ஆரத்தைவிடக் குறைவு என்றால் கோடு இரண்டு இடத்தில் வெட்டும். சமம் என்றால் தொடுகோடு. அதிகம் என்றால் தொடாமலே போய்விடும்.

சரி, அந்தத் தொலைவை எப்படிக் கண்டுபிடிப்பது? மையம் (2, 1) என்றும், கோடு (3, 4), (11, −2) என்ற புள்ளிகள் வழியே போவதாகவும் வைத்துக்கொள்வோம். முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதற்கு நகர்வு (8, −6), நீளம் 10. அதே முதல் புள்ளியிலிருந்து மையத்துக்கு நகர்வு (−1, −3). இரண்டையும் குறுக்காகப் பெருக்கிக் கழித்தால் 8 × (−3) − (−6) × (−1) = −30. குறியை விட்டுவிட்டால், 30 என்பது இந்த இரண்டு நகர்வுகளையும் பக்கங்களாகக் கொண்ட இணைகரத்தின் பரப்பு. அடிப்பக்கம் 10, பரப்பு 30, எனவே உயரம் 3. அந்த உயரம்தான் நாம் தேடிய தொலைவு.

இனி ஆரத்தைப் பார்த்தாலே போதும். ஆரம் 2 என்றால் வெட்டாது. 3 என்றால் (3.8, 3.4) என்ற புள்ளியில் தொடும். 5 என்றால் வெட்டும்; நாணின் பாதி நீளம் 25 − 9 = 16 இன் வர்க்கமூலம், அதாவது 4. முழு நாண் 8.

பிரதியிட்டு இருபடிச் சமன்பாடாக்கும் வழியும் தவறில்லை. கோட்டின் மேல் முதல் புள்ளியிலிருந்து நகர்வில் எத்தனை பங்கு போனால் வட்டத்தை அடைவோம் என்று எழுதினால் ஓர் இருபடிச் சமன்பாடு வரும். அதன் தன்மைகாட்டியை, அதாவது எத்தனை தீர்வு என்பதைத் தன் குறியால் காட்டும் b² − 4ac என்ற கோவையை, சுருக்கிப் பாருங்கள்:

4 × (நகர்வின் நீளம்)² × (ஆரம்² − தொலைவு²)

முதல் இரண்டு காரணிகளும் எப்போதும் மிகை. குறியை முடிவு செய்வது கடைசி அடைப்பு மட்டுமே! இரண்டு தீர்வா, ஒன்றா, எதுவுமில்லையா என்று தன்மைகாட்டி சொல்வது, உள்ளே ஒளிந்திருக்கும் அந்தத் தொலைவைப் பார்த்துத்தான். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது.

கோட்டுத்துண்டு என்றால் மட்டும் கவனம் தேவை. அதே கோட்டில் (11, −2) முதல் (15, −5) வரையுள்ள துண்டை எடுத்தால், செங்குத்தின் அடி துண்டுக்கு வெளியே விழுகிறது. அப்போது மிக அருகிலுள்ள புள்ளி (11, −2). அது மையத்திலிருந்து சுமார் 9.49 தள்ளி இருக்கிறது. ஆரம் 5 ஆக இருந்தாலும் இந்தத் துண்டு வட்டத்தைத் தொடாது. அப்புறம், துண்டு முழுவதும் வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிட்டால் பரிதியை வெட்டாது என்பதையும் மறக்கக்கூடாது.

கணினியில் எழுதுகிறவர்கள் வர்க்கமூலத்தையே தவிர்த்துவிடலாம். பரப்பின் வர்க்கம் 30² = 900 ஐ, ஆரம்² × 100 உடன் ஒப்பிட்டால் போதும்; 100 என்பது நகர்வின் நீளம் 10 இன் வர்க்கம். ஆரம் 3 என்றால் இரு பக்கமும் 900. எல்லாம் முழு எண்கள் என்பதால் தொடுகிறது என்று உறுதியாகச் சொல்லலாம். தசம எண்கள் வந்தால் அந்த உறுதி போய்விடும். வழக்கமான இரும முறையில் 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால்கூடச் சரியாக 0.3 வராது. அங்கே சமமா என்று கேட்காமல், வித்தியாசம் மிகச் சிறியதா என்றுதான் கேட்க வேண்டும். எவ்வளவு சிறியது என்பதை எண்களின் அளவைப் பார்த்து நாமே முடிவு செய்ய வேண்டும்.