30 எம்பி எப்படி 12.8 ஜிபி ஆனது?

மன்னார்குடி பக்கத்திலிருந்து வேளாண்மை படிக்கும் வாசகி ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டும் முறையை அவர் ஆராய்கிறார். வயலில் துளையிட்ட குழாய் ஒன்றைப் பதித்து, அதற்குள் நிற்கும் தண்ணீரின் மட்டத்தை ஒரு சென்சார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கிறது. மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. வரை இறங்கினால் மறுபடி பாய்ச்ச வேண்டும். ஒவ்வோர் அளவும் ஒரு தனி டெக்ஸ்ட் ஃபைல், ஏறக்குறைய 300 பைட். ஒரு வருடம் ஓடியதில் 1,05,120 ஃபைல்கள் சேர்ந்துவிட்டன.

லேப்டாப்பில் அந்த ஃபோல்டரின் அளவு 30 எம்பி. அதை 64 ஜிபி பென்டிரைவில் காப்பி செய்ததும் 12.8 ஜிபி இடம் போய்விட்டது. பென்டிரைவ் போலியா, வைரஸ் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று கேட்கிறார். இரண்டும் இல்லை. அந்த 12.8 ஜிபி ஒரு சாதாரணப் பெருக்கல் கணக்கின் விடை.

டிஸ்க்கில் ஃபைல்களுக்கு இடம் ஒதுக்கிக் கணக்கு வைக்கும் ஏற்பாட்டுக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். அது இடத்தைப் பைட் பைட்டாகக் கொடுப்பதில்லை. கிளஸ்டர் என்ற கட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, அந்தக் கட்டின் கணக்கில்தான் கொடுக்கும். கொள்முதல் நிலையத்தில் ஒரு சாக்குக்கு 40 கிலோ என்று பிடிக்கிறார்களே, அப்படி. உங்களிடம் 41 கிலோ நெல் இருந்தால் இரண்டு சாக்கு வேண்டும். இரண்டாவதில் ஒரு கிலோதான் கிடக்கும். பக்கத்து வயல்காரர் நெல்லை அதில் கொட்டி நிரப்ப முடியாது. ஒரு ஃபைலின் கடைசி கிளஸ்டரில் மிச்சம் இருக்கும் இடமும் வேறு எந்த ஃபைலுக்கும் உதவாது.

64 ஜிபி பென்டிரைவை எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டம் முறையில் ஃபார்மட் செய்யும்போது விண்டோஸ் தானாகத் தேர்ந்தெடுக்கும் கிளஸ்டர் 128 கேபி, அதாவது 1,31,072 பைட். அதில் 300 பைட்டை வைத்துவிட்டு மீதி முழுவதையும் பூட்டிவிடுகிறது. 1,05,120 ஃபைல்களை 128 கேபியால் பெருக்கிப் பாருங்கள், 12.8 ஜிபி வந்துவிடும்.

எதற்கு இவ்வளவு பெரிய கட்டு? எந்த இடம் காலி, எந்த இடம் நிரம்பியது என்ற கணக்கை யாராவது வைத்திருக்க வேண்டுமே. 64 ஜிபியை, செக்டர் எனப்படும் 512 பைட் துண்டுகளாக எண்ணினால் 12.5 கோடி வரும். 128 கேபி கிளஸ்டராக எண்ணினால் 5 லட்சத்துக்கும் குறைவு. கணக்குப் புத்தகம் சின்னதானால் தேடுவதும் எழுதுவதும் சுலபம். கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடுப்பவருக்கு இது மிக நல்ல ஏற்பாடு. 20 ஜிபி வீடியோவின் கடைசியில் வீணாவது அதிகபட்சம் ஒரு கிளஸ்டர், அவ்வளவுதான். பெரிய ஃபைலுக்கு லாபமான அதே கட்டு, லட்சம் குட்டி ஃபைல்களுக்குப் பெரிய நஷ்டம்.

இந்த இழுபறி புதிதல்ல. பழைய ஃபேட்16 முறையில் சுமார் 65,500 கிளஸ்டர்களுக்கு மேல் எண்ணவே முடியாது. அதனால் 2 ஜிபி ஹார்ட் டிஸ்க் வந்தபோது கட்டு 32 கேபி ஆகிவிட்டது. 1996-இல் ஃபேட்32 வந்த பிறகுதான் அந்த நெருக்கடி தளர்ந்தது.

சரி, கடிதத்தில் இன்னொரு வரி இருந்தது. அதைப் படித்ததும்தான் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. லேப்டாப்பில் அந்த ஃபோல்டர்மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால், 'சைஸ்' 30 எம்பி, 'சைஸ் ஆன் டிஸ்க்' 0 பைட்! ஒரு லட்சம் ஃபைல்கள் டிஸ்க்கில் இடமே பிடிக்கவில்லையாம்.

இது பிழையில்லை. ஃபைல் சிஸ்டம் என்ற துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு இதுதான். அவருடைய லேப்டாப்பில் இருப்பது, 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம். அதில் எம்எஃப்டி என்றொரு தலைமைப் பதிவேடு உண்டு. ஒவ்வொரு ஃபைலுக்கும் அதில் பொதுவாக 1,024 பைட் அளவில் ஒரு பதிவு. ஃபைலின் பெயர், எப்போது உருவானது, எப்போது மாறியது, யார் திறக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அப்புறம், உள்ளடக்கம் டிஸ்க்கில் எந்த கிளஸ்டரில் இருக்கிறது என்ற முகவரியும் இருக்கும்.

என்டிஎஃப்எஸ்ஸை வடிவமைத்தவர்கள் பெயர், தேதி போன்றவற்றை எப்படிப் பார்த்தார்களோ, ஃபைலின் உள்ளடக்கத்தையும் அப்படியே பார்த்தார்கள். பெயர் ஒரு பண்பு, தேதி ஒரு பண்பு, உள்ளடக்கமும் ஒரு பண்பு. பண்பு சின்னதாக இருந்தால் பதிவுக்குள்ளேயே எழுதிவிடலாம். பெரிதானால் மட்டும் வெளியே வைத்து முகவரி எழுதலாம். பெயர், தேதி எல்லாம் போக 1,024 பைட்டில் ஏறக்குறைய 700 பைட் மிஞ்சும். நம் வாசகியின் 300 பைட் அதில் தாராளமாக அடங்கிவிடுகிறது. தண்ணீர் மட்டத்தின் அளவு, அந்த ஃபைலின் பெயருக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறது. கிளஸ்டர் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை; அதனால் 0 பைட். இதில் வேகமும் சேர்ந்து கிடைக்கிறது. பதிவைப் படிக்கும்போதே உள்ளடக்கமும் கைக்கு வந்துவிடும், டிஸ்க்கில் இன்னோர் இடத்துக்குப் போக வேண்டாம். குட்டி ஃபைலுக்கென்று தனிச் சட்டம் எதுவும் எழுதாமல், எல்லாவற்றையும் ஒரே மாதிரி பார்த்ததாலேயே இந்தச் சிக்கனம் தானாக வந்திருக்கிறது. என்ன ஒரு அழகான சிந்தனை!

முழுக்க இலவசம் என்று நினைத்துவிட வேண்டாம். 1,05,120 பதிவுகளுக்காக எம்எஃப்டி சுமார் 103 எம்பி வளர்ந்திருக்கும். அந்த ஃபைல்களை நீக்கினாலும் எம்எஃப்டி சுருங்காது. காலியான பதிவுகள் அடுத்து வரும் ஃபைல்களுக்குப் பயன்படும்.

இப்போது இடத்தை மீட்கும் வழி. பென்டிரைவை 4 கேபி கிளஸ்டரில் ஃபார்மட் செய்தால் 12.8 ஜிபி சுமார் 410 எம்பியாகக் குறையும். ஒரு நாளின் 288 அளவுகளையும் ஒரே ஃபைலில் வரிவரியாக எழுதினால், வருடத்துக்கு 365 ஃபைல்கள். 128 கேபி கிளஸ்டரிலேயே 46 எம்பிக்குள் முடிந்துவிடும். நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். ஒவ்வொரு வரியை எழுதியதும் ஃபைலை மூடும்படி நிரலை அமைக்க வேண்டும். திறந்தபடி கிடக்கும் ஃபைல், கரண்ட் போனால் கெட்டுப்போகலாம். ஏற்கெனவே சேர்ந்ததை ஒரே ஜிப் ஃபைலாக்கிவிடலாம். காப்பி ஆகும் நேரமும் வெகுவாகக் குறையும், ஏனென்றால் லட்சம் பெயர்களைத் தனித்தனியாகப் பதிய வேண்டியதில்லை.

டீஃப்ராக் செய்தால் இடம் கூடும் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். இது கம்ப்யூட்டர் உலகத்து மூடநம்பிக்கை. டீஃப்ராக், சிதறிக் கிடக்கும் கிளஸ்டர்களை அடுத்தடுத்து வரிசைப்படுத்தும். கிளஸ்டருக்குள் வீணான இடத்தை அது தொடுவதேயில்லை. எஸ்எஸ்டியில் அதனால் தேய்மானம்தான் மிச்சம்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. அங்கே பரவலாக இருக்கும் எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டத்தில் வழக்கமாக 5 சதவீத இடம் ரூட்டுக்கென்று, அதாவது கம்ப்யூட்டரின் நிர்வாகிக் கணக்குக்கென்று, ஒதுக்கப்படும். 1 டிபி டிஸ்க்கில் அது 50 ஜிபி. ஆப்பரேட்டிங் சிஸ்டம் இல்லாத, தரவு மட்டும் வைக்கும் டிஸ்க் என்றால் அதை 1 சதவீதமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

என் மனக்குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும்போது சென்சாருக்கு ஒரு தொகை, லேப்டாப்புக்கு ஒரு தொகை என்று எழுதுகிறோம். சேரும் தரவை ஒழுங்காக வைத்துக் காப்பதற்கு ஒரு வரியாவது எழுத வேண்டாமா? மேட்டூர் எப்போது திறந்தது, கடைமடைக்கு எப்போது தண்ணீர் வந்தது, வயலில் எத்தனை நாள் நின்றது என்ற கணக்கு, டெல்டாவுக்கு 20 வருடம் கழித்தும் தேவைப்படும். இந்த மாணவி சேர்த்திருப்பது அப்படிப்பட்ட கணக்கு. அதைக் காப்பது அவர் ஒருவருடைய பொறுப்பு என்று நாம் விட்டுவிடக் கூடாது.

ஃபார்மட் செய்தால் பென்டிரைவில் இருப்பது எல்லாம் போய்விடும். அதனால் முதலில் லேப்டாப்பில் ஜிப் ஆக்குங்கள். அதை வேறொரு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய் விரித்து, 1,05,120 ஃபைல்களும் இருக்கின்றனவா என்று எண்ணிக்கையைச் சரிபாருங்கள். நாலைந்தைத் திறந்தும் பாருங்கள். அதற்குப் பிறகு பென்டிரைவில் ஃபார்மட் கொடுத்து, 'அல்லொகேஷன் யூனிட் சைஸ்' என்ற இடத்தில் 4 கேபி என்று மாற்றிக்கொள்ளுங்கள்.